கல்வேலைக்காரரிடம் கேட்ட கேள்வி
பிரமிட்டுகள் பற்றிய எழுத்துக்கள் குறித்து

பிரமிட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுகின்ற கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. இருபத்து மூன்று இலட்சம் கற்கள் என்று தொடங்கும். ஒரு கல்லின் நிறை இத்தனை தொன் என்று வரும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஊசி நுழையாது என்று வரும். பிறகு, இதனை மனிதர்கள் கட்டியிருக்க முடியுமா என்ற கேள்வியோடு கட்டுரை முடிந்துவிடும். நம்மவர்கள் எழுதும்போது மேலும் இரண்டு விடயங்கள் சேர்ந்துகொள்ளும். கட்டியவன் மூஸா (அலை) அவர்களின் காலத்து ஃபிர்அவ்ன். உள்ளே நுழைந்த முதல் ஆள் கலீபா மஃமூன். வாசிப்பவர் "சுப்ஹானல்லாஹ்" சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம்.

இந்த வாய்பாட்டின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருக்கிறது. தகவல் பிழைகள் அதில் ஒரு பகுதிதான். கீஸாவின் பெரிய பிரமிட்டைக் கட்டுவித்த குஃபு கி.மு. 26ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். மூஸா (அலை) அவர்களின் காலத்தை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டியே வைக்கிறார்கள். இடையில் ஆயிரம் வருடங்களுக்கு மேல் கிடக்கிறது. நபியவர்களின் ஹிஜ்ரத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது விளங்கும். இதனை ஒரு வரியில் திருத்திவிடலாம். திருத்த முடியாதது அந்த எழுத்தின் மனோபாவம். கல்லைப் பார்க்கிறது, அரசனைப் பார்க்கிறது, கல்லைத் தூக்கியவனைப் பார்ப்பதில்லை. ஆகவே இங்கு நான் பேச வந்தது பிரமிட்டைப் பற்றி அல்ல, பிரமிட்டைப் பற்றிய எழுத்துக்களைப் பற்றி. ஒவ்வொன்றிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிரதியில் வேலையாள் இருக்கிறானா?

முதலில் நமது பாரம்பரியத்திலிருந்தே தொடங்குவோம். அறபு நூல்களில் சூரீத் என்றொரு அரசனின் கதை வருகிறது. 'அக்பாருஸ் ஸமான்' என்ற நூலிலும், பின்னாளில் மக்ரீஸியின் 'கிதத்'திலும் அதனைக் காணலாம். பிரளயத்துக்கு முந்நூறு வருடங்களுக்கு முன் அவன் ஒரு கனவு காண்கிறான். பூமி தலைகீழாகிறது, நட்சத்திரங்கள் உதிர்கின்றன. சோதிடர்களை அழைத்துக் கேட்கிறான். வெள்ளம் வரப்போகிறது என்று அறிந்ததும் உலகத்தின் கல்விகளையெல்லாம் காப்பாற்றி வைக்கப் பிரமிட்டுகளைக் கட்டுவிக்கிறான். வேறு சிலர் கட்டியவர் ஹேர்மிஸ் என்றனர். அவரே இத்ரீஸ் (அலை) என்றும் சொன்னார்கள். கதை என்ற வகையில் இது எனக்குப் பிடித்தமானது. அறிவு அழிந்துபோகும் என்ற பயத்திலிருந்து ஒரு கட்டடம் எழும்புகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நாட்டவர்களாகிய நமக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சான்று என்று பார்த்தால் சூரீத் கதையில் ஒன்றும் இல்லை. அரசன் கனவு கண்டான், கட்டடம் முடிந்தது. நடுவில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் மந்திரம் எழுதிய தாள்களைக் கல்லில் வைத்துத் தட்டினார்கள், கல் தானாக நகர்ந்தது என்று சொல்லப்படுகிறது.

1968இல் சுவிற்சர்லாந்துக்காரர் எரிக் ஃபொன் டேனிகன் எழுதிய நூலில் மந்திரத் தாளின் இடத்துக்கு வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள். அந்நூலின் சாறு தமிழ்ச் சஞ்சிகைகள் வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்தது. சூரீதையும் டேனிகனையும் ஒரே வரிசையில் வைப்பது சிலருக்குப் பிடிக்காமற் போகலாம். எனினும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மக்ரீஸியையாவது, தான் கேட்டவற்றையெல்லாம் பெயர் சொல்லித் தொகுத்தவர் என்று மதிக்க முடியும். டேனிகனிடம் அந்த ஒழுக்கமும் கிடையாது. அவர் அதிசயித்துக் கேட்கும் "இவர்களால் எப்படி முடிந்திருக்கும்?" என்ற கேள்வி பெரும்பாலும் எகிப்திடமும், மத்திய அமெரிக்காவிடமும், ஈஸ்டர் தீவிடமும்தான் கேட்கப்படுகிறது. ஐரோப்பியத் தேவாலயக் கோபுரங்களைப் பார்த்து அப்படி யாரும் வாய் பிளப்பதில்லை.

இனி, நான் மிகவும் மதிக்கும் பிரதிக்கு வருகிறேன். பக்தாதைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் லதீஃப் (1162-1231) எகிப்தில் சில வருடங்கள் தங்கியிருந்து எழுதிய 'கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்' ஒரு சிறிய நூல். ஒக்ஸ்போர்டில் அதன் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. 1800இல் ஜோசப் வைட் லத்தீன் மொழிபெயர்ப்போடு அதனை வெளியிட்டார். 1810இல் சில்வெஸ்தர் த சாசி பிரெஞ்சில் கொண்டுவந்தார். ஐரோப்பியர் இருநூறு வருடங்களாக வாசித்து வரும் இந்த நூலை, அறபு படித்த நம்மவர்கள் மேடைகளில் மேற்கோள் காட்டக்கூட நான் கேட்டதில்லை.

அப்துல் லதீஃப் பிரமிட்டின் முன் நின்று முதலில் கவனிப்பது அதன் உருவத்தை. அகன்ற அடியிலிருந்து ஒரு புள்ளிக்கு ஒடுங்கும் வடிவத்தில் பாரத்தின் மையம் நடுவிலேயே விழுவதால் கட்டடம் தன்மீதே சாய்ந்து நிற்கிறது, அதனாற்றான் காலத்தைத் தாங்கியது என்று காரணம் சொல்கிறார். மூலைகள் காற்றை எதிர்கொள்வதால் காற்றின் வேகம் உடைந்துபோகிறது என்கிறார். ஊசியும் மயிரும் நுழையாத இணைப்புகள் என்ற பேச்சு இவரிடமும் இருக்கிறது. ஆனால் அது கண்ணால் பார்த்தவரின் பேச்சு. ஹேர்மிஸின் கப்று என்ற கதையையும் சொல்கிறார், ஸாபியீன்களின் பழைய நூலொன்றில் வாசித்தேன் என்று இடம் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிரமிட்டுக்குள் நுழைந்த தன் கதையையும் மறைக்கவில்லை. மற்றவர்கள் மேலே அறை வரை போக, தான் மூன்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே பயத்தில் மயங்கிப் பாதி உயிரோடு திரும்பியதாக எழுதுகிறார். பெரும்பாலான பயணக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு வீரக்கதையைச் செருகியிருப்பார்கள்.

அவர் எகிப்தில் இருந்த காலத்தில் ஒரு காரியம் நடந்தது. ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-மலிக் அல்-அஸீஸ் உஸ்மானுக்குச் சிலர் ஆலோசனை சொல்லி, மூன்றாவது பிரமிட்டை, அதாவது மென்கவ்ரேயின் பிரமிட்டை, இடித்துவிடத் தீர்மானித்தார்கள். ஹிஜ்ரி 593இல் சுரங்கம் தோண்டுவோரும் கல்லுடைப்போரும் கூடாரமடித்து எட்டு மாதங்கள் வேலை செய்தார்கள். மிகுந்த பாடுபட்டு நாளொன்றுக்கு ஒரு கல், அல்லது இரண்டு கல். சிலர் மேலிருந்து நெம்புகோலால் தள்ள, சிலர் கீழிருந்து கயிற்றால் இழுத்தார்கள். விழுந்த கல் மணலுக்குள் புதைந்துபோகும். அதனைத் தோண்டியெடுத்து, ஆப்படித்து, துண்டு துண்டாக்கி, வண்டியில் ஏற்றி மலையடிவாரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கடைசியில் பணம் தீர்ந்தது, மனமும் உடைந்தது. குவிந்து கிடக்கும் கல்லைப் பார்த்தால் பிரமிட்டே போய்விட்டது என்று தோன்றும், நிமிர்ந்து பிரமிட்டைப் பார்த்தால் ஒரு பக்கம் உரிந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை என்று அவர் எழுதுகிறார். அந்த வடு வடக்கு முகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த வேலைத்தலத்தில் அப்துல் லதீஃப் கல்வேலைக்காரரின் தலைவரிடம் போய் ஒரு கேள்வி கேட்கிறார். ஆயிரம் தீனார் தருகிறோம், இறக்கிய கற்களில் ஒன்றைப் பழையபடி அதன் இடத்தில் வைத்துத் தர முடியுமா? அதைப் போலப் பல மடங்கு கொடுத்தாலும் முடியாது என்று அந்த மனிதர் சத்தியம் செய்து சொல்கிறார். பிரமிட்டு இலக்கியம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கட்டடத்தின் அருமையை அரசனிடமோ சோதிடரிடமோ கேளாமல், கையில் ஆப்பும் சம்மட்டியும் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார். இதே மனிதர்தான் 1200-1202 பஞ்சத்தில் எகிப்தில் குவிந்து கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கலன் எழுதியது பிழை, அது ஒரே எலும்பு என்று சொன்னவர். கலன் மீது அவருக்கு மரியாதை குறையவில்லை. கண் கண்டதை மறைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கல்லையும் எலும்பையும் பார்த்தது ஒரே கண்.

இலக்கங்களை வைத்து மயக்கம் காட்டுவது இன்னொரு வகை எழுத்து. அது வேற்றுக்கிரகவாசிகளுக்கு முந்தியது. ஸ்கொட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித் 1864இல் வெளியிட்ட நூலில், பிரமிட்டின் அளவுகளில் தெய்வீக அங்குலம் ஒன்று இருப்பதாகவும், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் அதில் பொதிந்திருப்பதாகவும் வாதிட்டார். விகிதம் உண்மையிலேயே வருகிறது. உயரம் 280 முழம், அடிப்பக்கம் 440 முழம். நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 22/7. ஆனால் எகிப்தியத் தச்சர்கள் சாய்வை எப்படிச் சொன்னார்கள் என்று பார்த்தால் மர்மம் கரைந்துவிடுகிறது. ஒரு முழம், அதாவது ஏழு உள்ளங்கை, மேலே போகும்போது எத்தனை உள்ளங்கை உள்ளே ஒடுங்க வேண்டும் என்பதே அவர்களின் கணக்கு. அதற்கு செகெத் என்று பெயர். பெரிய பிரமிட்டுக்கு ஐந்தரை. இந்த ஐந்தரையை வைத்தால் 22/7 யாரும் கேளாமலேயே வந்து நிற்கும். கோணமானி இல்லாமல், கயிறும் முழக்கோலும் வைத்துக்கொண்டு ஒரு வேலையாள் பிழையின்றிப் பின்பற்றக்கூடிய கட்டளை அது.

ஸ்மித்தின் கணக்கைச் சரிபார்க்க 1880 முதல் 1882 வரை கீஸாவில் ஒரு பாறைக் கல்லறைக்குள் தங்கி அளந்தவர் இளைஞர் ஃபிளின்டர்ஸ் பீட்ரி. அலி கப்ரி என்ற உள்ளூர்க்காரர் அவருக்குத் துணை. அளவுகள் ஸ்மித்தின் கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை. கோட்பாட்டாளர் ஒருவர் கிரனைட் கல்லின் புடைப்பொன்றை வேண்டிய அளவுக்கு அரத்தால் தேய்க்க முயன்றதையும் பீட்ரி எழுதி வைத்திருக்கிறார். கோட்பாடு வாழ்வதற்காகச் சான்றைத் தேய்ப்பவர்களை நாம் இலக்கிய விமர்சனத்திலும் கண்டிருக்கிறோம். (பீட்ரி அளந்து முடித்த அதே 1882இல்தான் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தன; அடுத்த வருட ஆரம்பத்தில் அறாபி பாஷா கைதியாகக் கொழும்பில் வந்து இறங்கினார். நமது ஊர்களில் அவர் நினைவு இன்னும் இருக்கிறது. எகிப்தை அளக்கும் உரிமையும் ஆளும் உரிமையும் ஒரே காலத்தில் கைமாறியதை இவ்விடத்தில் குறித்து வைக்க விரும்புகிறேன்.)

பிரமிட்டு எதற்கு என்ற சர்ச்சைக்கு வருவோம். கல்லறை அல்ல என்பவர்களின் முக்கிய வாதம், பெரிய பிரமிட்டில் உடலும் கிடைக்கவில்லை, சுவரில் எழுத்தும் இல்லை, வெறும் கிரனைட் பெட்டிதான் இருக்கிறது என்பது. கேட்கும்போது வலுவாகத் தோன்றும். ஆனால் பிரமிட்டைத் தனியே பெயர்த்தெடுத்து வைத்துக்கொண்டால்தான் அந்த வலு. அதன் பக்கத்தில் கோயில் இருக்கிறது, நதிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் கல்வீதி இருக்கிறது, அரசியரின் சிறு பிரமிட்டுகள் இருக்கின்றன, உறவினரும் அதிகாரிகளும் அடக்கப்பட்ட வரிசைகள் இருக்கின்றன, 1954இல் கண்டெடுக்கப்பட்ட மரக்கப்பல் 2021 வரை அங்கே இருந்தது. ஒரு சொல்லை வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்து அர்த்தம் தேடுகிறவரை நாம் வாசகர் என்று ஒப்புவோமா? மேலும், குஃபுவுக்கு ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்குப் பின் உனாஸ் அரசனின் பிரமிட்டில் சுவர் முழுவதும் இறந்த அரசனின் பயணத்துக்கான எழுத்துக்கள் வந்துவிடுகின்றன.

இந்தச் சர்ச்சையில் நான் ஓரளவு மரியாதையோடு வாசித்தது பௌதிகவியலாளர் குர்ட் மென்டல்சன் 1974இல் எழுதிய நூலை. கல்லறை என்பதை அவர் மறுக்கவில்லை. ஒரே அரசனுக்கு ஏன் பல பிரமிட்டுகள் என்று கேட்டார். குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு மெய்தூமிலும் தஹ்ஷூரிலுமாக மூன்று பெரிய பிரமிட்டுகளோடு சம்பந்தப்பட்டவன். எனவே கட்டி முடிப்பதை விடக் கட்டுவதே நோக்கம், சிதறிய கிராமங்களை ஓர் அரசாக்கியது அந்த வேலைதான் என்பது அவர் முடிவு. மெய்தூம் பிரமிட்டு வேலை நடக்கும்போதே சரிந்தது என்ற அவரது அடிப்படை இன்று பலமாகக் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஆயினும் வேலையை மையத்துக்குக் கொண்டுவந்த வகையில் அது நல்ல வாசிப்பு.

ஸ்னெஃப்ருவின் கட்டடங்களை ஓர் எழுத்தாளர் பார்த்தால் உடனே இனங்கண்டுகொள்வார்: அவை அடித்துத் திருத்திய பிரதிகள். தஹ்ஷூரின் வளைந்த பிரமிட்டு ஏறக்குறைய 54 பாகையில் எழும்பத் தொடங்குகிறது. பாதி உயரத்தில் சாய்வு 43 பாகையாகக் குறைகிறது. உள்ளே சுவர்கள் வெடித்திருக்கின்றன, வெடிப்பில் சாந்து பூசியிருக்கிறார்கள், மேலறையில் தேவதாரு மரங்களை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மரங்கள் இன்றும் அங்கேதான். அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிட்டை ஆரம்பத்திலிருந்தே 43 பாகையில் பத்திரமாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் குஃபுவின் மேஸ்திரிகள் ஏறக்குறைய 52 பாகைக்குத் துணிந்தார்கள். வானத்திலிருந்து வந்தவர்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய தேவை என்ன? பயந்ததும், பொறுத்துப் பார்த்ததும், மறுபடி துணிந்ததும் கல்லிலேயே எழுதியிருக்கிறது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அண்டக் கதிர்களைக் கொண்டு ஊடுருவிப் பார்த்ததில் 2017இல் பெரிய நடைகூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீற்றர் நீளமான ஒரு வெற்றிடம் தெரியவந்தது. 2023இல் வடக்கு வாசலுக்கு மேலே 9 மீற்றர் நீளமான ஒரு சிறு வழி கமராவில் பார்க்கப்பட்டது. பாரத்தைக் குறைக்க விட்ட இடைவெளியா, வேறெதுவுமா என்று ஆய்வாளர்கள் விவாதித்து வருகிறார்கள். சாய்வு வழி நேராக வந்ததா, சுற்றி வந்ததா என்பதிலும் ஒரு முடிவில்லை. தெரியாத இடம் இருப்பது ஆய்வுக்கு அழகு. அதில் வாடகைக்கு ஆள் வைப்பதுதான் அசிங்கம்.

நமது பெருமை பேசுவோரையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியாது. ஒகாஷா எல்-டாலி 2005இல் வெளியிட்ட நூல், எகிப்தியவியல் நெப்போலியனோடு பிறந்தது என்ற ஐரோப்பியக் கதையை அறபு மூலங்களைக் கொண்டு உலுக்கியது. அவசியமான நூல். ஆனால் இப்னு வஹ்ஷிய்யா சித்திர எழுத்துக்களை ஏற்கனவே வாசித்துவிட்டார் என்கிற அளவுக்கு அதனை இழுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில எழுத்துக்களின் ஒலியைச் சரியாகச் சொல்வது ஒன்று, 1822இல் ஷம்பொலியோன் செய்தது இன்னொன்று. அதே மூலங்களில் பெருமைப்பட வேறு இடங்கள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் பிரமிட்டுகளுக்கென்றே தனி நூல் எழுதிய அபூ ஜஃபர் அல்-இத்ரீஸி, எகிப்துக்கு வந்த ஸஹாபாக்கள் இவற்றின் அருகில் வாழ்ந்தும் கை வைக்கவில்லை என்பதை ஓர் ஆதாரமாக முன்வைக்கிறார். அப்துல் லதீஃபும் பழைய சின்னங்களைக் காப்பது ஆட்சியாளரின் கடமை என்கிறார். வேதங்களில் சொல்லப்பட்ட சமூகங்களுக்கு அவை சாட்சி என்பது அவர் தரும் காரணங்களில் ஒன்று. 2001 மார்ச்சில் பாமியானில் புத்தர் சிலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது இவ்விரு பிரதிகளும் நம்மிடையே பேசப்பட்டிருக்க வேண்டும். பழைய கல் யாருடையது, எதற்கு இருந்தது என்ற கேள்வி கூரகல - ஜெய்லானி உள்ள நாட்டில் நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. அதனைப் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

கடைசியாக, என் கேள்விக்கு முழு விடை தந்த பிரதி. 2013இல் பியர் தாலேயின் குழுவினர் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பாப்பிரஸ் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. அவற்றில் ஒன்று மெரெர் என்ற மேற்பார்வையாளனின் நாட்குறிப்பு. குஃபு ஆட்சியின் கடைசிக் காலம். அவனுக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது பேர். தூறா கல்லகழ்விடத்தில் சுண்ணக்கல்லை ஏற்றி, படகில் கீஸாவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெறும் படகோடு திரும்பி வருகிறார்கள். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. இன்று கல் ஏற்றினோம், இன்று இரவு இன்ன இடத்தில் தங்கினோம், நாளை புறப்படுகிறோம். மேலதிகாரி அன்க்ஹஃப், அரசனின் சகோதர முறையானவன். வர்ணனை இல்லை, வியப்பு இல்லை, பிரமிட்டு எவ்வளவு உயரம் என்ற ஒரு சொல்லும் இல்லை.

அந்த மனிதனுக்கு அது வேலை. பிரமிட்டுக்குள் பாரந்தாங்கும் அறைகளின் சுவரில் "குஃபுவின் தோழர்கள்" என்று செம்மண்ணால் எழுதிப்போட்ட கூட்டத்தாருக்கும் அது வேலை. 1990க்குப் பின் கண்டெடுக்கப்பட்ட தொழிலாளர் கல்லறைகளில் முறிந்து, கட்டுப்போட்டு, பொருந்திக் குணமான கை எலும்புகள் இருக்கின்றன. யாரோ அவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அடிமைகளா, கூலிகளா, முறைக்கு வந்து ஊழியம் செய்த கிராமத்தாரா என்பதைப் பற்றி நிறைய எழுதலாம். இன்று பெரும்பாலானோர் மூன்றாவதன் பக்கமே சாய்கிறார்கள். முறை ஊழியம் என்பது விருப்ப ஊழியம் அல்ல என்பதையும் நாம் மறக்க வேண்டாம். நமது நாட்டில் இராஜகாரியம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

மத்ரஸாக்களில் அறபு படித்து வெளியேறி, மொழிபெயர்ப்பில் ஆர்வம் கொண்ட தம்பிமார் பலர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். அப்துல் லதீஃபின் நூலில் முதற்பாகத்தின் நான்காம் அத்தியாயம் பழைய சின்னங்களைப் பற்றியது. நீளமும் அதிகமில்லை. யாராவது ஒருவர் அதனை மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தால், பக்கத்தில் மெரெரின் பத்து நாள் குறிப்பையும் சேர்த்து அடுத்த இதழில் போடலாம்.